நூகரத்னத்தின் கட்டைவிரல்

எங்கள் உப்புடேரு ஆற்றங்கரையில் இறால் தலை கிள்ளுவதில் நூகரத்னத்தை மிஞ்ச ஆளில்லை. வலது கட்டைவிரலைக் கழுத்தில் வைத்து ஒரு நெம்பு. தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். கையுறை கொடுத்தால் இடுப்பில் செருகிக்கொள்வாள். "கையுறை போட்டுக்கிட்டுதான் புருஷன் கன்னத்தைக் கிள்ளுவியா?" என்று பக்கத்தில் இருப்பவளைச் சீண்டுவாள். அவள் புருஷன் ஹைதராபாத் போய்ப் பதினோரு வருஷம், திரும்பவில்லை. இரண்டு மகள்களைப் படிக்க வைத்ததும் குடிசைக்கு ஓடு போட்டதும் அந்த விரல்தான். வாய் கொஞ்சம் நீளம். என் புளிச்சைக்கீரைக் குழம்பை என் முகத்துக்கு நேரே பழிப்பாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது.

போன கோடையில் நாங்கள் இறால் வளர்க்கும் பெரிய குளத்தில் இறால் செத்து மிதக்கத் தொடங்கியது. என் வீட்டுக்காரர் சூரிபாபு மருந்துக் கடைக்கு ஓடினார். கடைக்காரன் கொடுத்த மஞ்சள் பொடி, மனிதருக்குக் கிருமிக் காய்ச்சல் வந்தால் கொடுக்கிற ஆன்டிபயாடிக் வகை. இறாலுக்குப் போடக் கூடாதென்று தடை. வெல்லப்பாகில் கரைத்துத் தீனியில் பிசறி ஒரு மாதம் போட்டோம். பிசறியது நான்தான். ஏற்றுமதிக்கு வாங்கும் கம்பெனி ஆள் மருந்துச் சோதனைக்கு இறால் எடுக்க வந்தபோது, மருந்து போடாத சின்னக் குளத்தில் வலை வீசிக் கொடுத்தோம். ஊரில் நாங்கள் மட்டுமா செய்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அறுவடையன்று எங்களிடம் கூலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த நூகரத்னத்தின் வலது கட்டைவிரலில் ஒரு இறாலின் தலைக்கொம்பு குத்தி ஏறியது. "பாருங்கம்மா, இதுக்குக்கூட என்மேல ஆசை" என்று சிரித்து, விரலை உப்புத்தண்ணீரில் முக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். மூன்றாம் நாள் முழங்கை வரை சிவந்து வீங்கிவிட்டது. நாங்கள்தான் பீமவரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாள் ஊசி போட்டும் வீக்கம் இறங்கவில்லை.

டாக்டர் அவள் கட்டிலருகே நின்று எங்களைக் கேட்டார். "இந்தக் கிருமி நான் குடுக்கிற மருந்துக்கு மசிய மாட்டேங்குது. எதுக்கு அடங்கும்னு பரிசோதனைல தெரிய இன்னும் ரெண்டு நாள் ஆகும். குளத்துல போட்ட மருந்துக்குக் கிருமி பழகியிருக்கும். என்ன மருந்து போட்டீங்க? தெரிஞ்சா அந்த வகையை விட்டுட்டு இப்பவே வேற ஆரம்பிச்சிடலாம். விரலைக் காப்பாத்தணும்."

"மருந்தா? நாங்க போடறதே இல்லீங்க. வெறும் தீனிதான்" என்றார் சூரிபாபு, கண் இமைக்காமல்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் முந்தானையைச் சரிசெய்தேன்.

வராந்தாவில் சூரிபாபுவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சொல்லித் தொலைங்களேன்! அவ விரலுங்க அது!"

"சரக்கு இன்னும் கப்பல் ஏறல. விஷயம் வெளிய போச்சுன்னா கம்பெனிக்காரன் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவான். நாம நடுத்தெருவுலதான். ரெண்டே நாள்தானே, பரிசோதனையே சொல்லிடும்."

ரெண்டே நாள்தானே. நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் அறை பத்தடி தூரம்கூட இல்லை. நான் போகவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. பலிக்காத மருந்துகளின் வரிசையில் முதல் பெயரே எங்கள் மஞ்சள் பொடி. டாக்டர் அத்தனை நாளும் அதே வகையைத்தான் ஏற்றியிருந்தார். உடனே மருந்தை மாற்றினார். கை பிழைத்தது. அதற்குள் கறுத்துப்போன கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

பதினைந்து நாள் போனது. சூரிபாபுவிடம் சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போனேன். இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பொடியைப் பிசறியதிலிருந்து வராந்தாவில் வாயை மூடிக்கொண்டது வரை எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

"குளத்துல மருந்து போட்டது எனக்குத் தெரியாதாம்மா?" என்றாள்.

"தெரிஞ்சா டாக்டர்கிட்ட ஏன்டி சொல்லல?"

அவள் அரிசியை விட்டுத் தலை நிமிரவில்லை.

"உங்ககிட்ட வேலை செய்றவ, நான் எப்படிம்மா சொல்லுவேன்? நீங்க பக்கத்துலயேதான் நின்னீங்க. எப்படியும் நீங்க சொல்லிடுவீங்கன்னு இருந்துட்டேன்."