சுருக்கொப்பம் இல்லாத திருத்தங்கள்

என் மேசையில் கிடக்கும் பாடசாலைக் கீதங்களின் தொகுப்பில் ஒரு பக்கம் முழுக்கப் பென்சில் கீறல்கள். அச்சிட்ட ஸ்வரங்களை வெட்டி, மேலே வேறு ஸ்வரங்கள். ஒன்றின் அருகிலும் திருத்தியவரின் சுருக்கொப்பம் இல்லை. கல்வி அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன் சொல்கிறேன்: சுருக்கொப்பம் இல்லாத திருத்தம் செல்லாது. சங்கீத மாஸ்டருக்கு இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

உடப்புப் பக்கத்துக் கடற்கரைப் பாடசாலையில் படிப்பித்தவர் அவர். அந்தப் பாடசாலைக் கீதத்தின் வரியும் மெட்டும் அவருடையவை. எங்கள் அலுவலகம் அச்சிடவிருந்த தொகுப்பில் பெயர் வரவேண்டுமானால் 'இதுவே இறுதி வடிவம்' என்ற பிரகடனத்தில் இயற்றியவர் ஒப்பமிடவேண்டும். பெயர் வர அவருக்கு ஆசை. அதை மறைக்கவும் இல்லை. "நம்மட மனிசிக்கு ஒருக்காக் காட்டணும் சேர்" என்றார்.

ஆனால் பிரதியைத் தந்து இரண்டு கிழமையில், முந்தல் பஸ்ஸில் வியர்க்க வியர்க்க வந்து அதைத் திருப்பிக் கேட்பார். மீன்பிடிப் பருவம் மாறினால் பாதிக் குடும்பங்கள் கிழக்குக் கரைக்கு, வாடி என்ற ஓலைக்குடிசை போட்டுத் தங்கப் போய்விடும். உச்சத்தில் பாடும் பிள்ளைகளும் கூடவே போய்விடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு எட்டுகிற மாதிரி மெட்டின் ஏற்றத்தை மடக்கிவிடுவார். அவர்கள் திரும்பி வந்ததும் மறுபடி ஏற்றுவார். சுருதியைக் குறைத்தால் போதாதா என்று கேட்டேன். கீழ்வரி தொண்டைக்குள் போய்விடுமாம். சும்மா ஒப்பமிட்டுவிட்டு வகுப்பில் விரும்பியதைப் பாடுங்கள் என்றேன்.

"இது இறுதி இல்லையே சேர். பொய்க்குக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

என் சேவைக்காலத்தில் அந்தப் படிவத்தை உண்மையாகவே வாசித்த ஒரே ஆள் அவர்தான். அதனால் எனக்கு வந்த தலையிடி கொஞ்சமல்ல.

அச்சுக்குக் கொடுக்கவேண்டிய நாளிலும் பிரகடனம் வெறுமையாகவே இருந்தது. 'இயற்றியவர் அறியப்படவில்லை' என்று என் கையாலேயே எழுதினேன். நடைமுறைப்படி அது சரி. அப்போது இயற்றியவர் என் முன்னால் கதிரையில் இருந்து, நான் வரவழைத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

புத்தகம் வந்ததும் காட்டினேன். அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவாயில்ல சேர். மனிசிக்கு இப்ப கண்ணும் சரியில்ல" என்றார். பிறகு என் பென்சிலை வாங்கி, பிள்ளைகள் வாடியிலிருந்து திரும்பிவிட்டதாகச் சொல்லியபடி மெட்டைத் திருத்தினார். புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மாஸ்டர் இப்போது இல்லை. போன கிழமை அந்தப் பாடசாலையைக் கடக்கும்போது கீதம் கேட்டது. அச்சிலுள்ளதும் இல்லை, பென்சிலில் உள்ளதும் இல்லை. யாரோ இன்னொரு தரம் மாற்றியிருக்கிறார்கள். கோபத்தோடு வீடு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நான் எழுதிய வரியைப் பேனாவால் வெட்டி, மேலே அவர் பெயரை எழுதி, அருகில் சுருக்கொப்பமும் திகதியும் இட்டேன். ஓய்வுபெற்றவனுக்கு அந்த அதிகாரம் கிடையாது. இதுவும் செல்லாது. நாளைக்கு முந்தல் பஸ்ஸில் கொண்டுபோய் அவருடைய மனைவிக்கு நானே வாசித்துக் காட்டவேண்டும்.