மந்தைவெளியில் ஓடிய ஓடை

ஏரிகளெல்லாம் வற்றி, ஊரே லாரித் தண்ணீருக்குத் தவம் கிடந்த கோடை அது. மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் குழாய்கள் துண்டு காயப்போட மட்டுமே உதவின. அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில் சமையலறைப் பக்கம் தண்ணீர் சலசலவென்று ஓடும் சத்தம் கேட்டது. படுத்திருந்த அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே நான் வாளியோடு ஓடினேன். குழாயைத் திறந்தால் காற்றுகூட வரவில்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் பால்கனியில் பழைய புடவையால் மூடியிருந்த கூண்டிலிருந்து வந்தது. அதற்குள் இருந்தது, முந்தின நாள் சித்தப்பா கொண்டுவந்து விட்ட மலை மைனா.

சித்தப்பாவுக்கு மேற்கு மலையில் வேலை. மின்சாரம் எடுப்பதற்காக ஒரு காட்டோடையை மலைக்குள் திருப்பிவிடும் வேலை அது. சுரங்கம் குடைய வெடி வைப்பார்கள். சுரங்க வாய்க்காக வெட்டிச் சாய்த்த மரத்தின் பொந்திலிருந்து விழுந்த குஞ்சைத் தன் தகரக் கொட்டகையில் வைத்துப் பழம் ஊட்டி வளர்த்திருக்கிறார். வேலை முடிந்து, அடுத்த இடத்துக்கு உத்தரவு வாங்கப் போகும் வழியில் எங்களிடம் ஒப்படைத்தார். இதை வீட்டில் வைத்திருந்தால் வனத்துறை கேஸ் போடும் என்பதைச் செருப்பு மாட்டும்போதுதான் சொன்னார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று அம்மா அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்கோ அது உயிராகிவிட்டது. கன்னங்கரேலென்று மினுமினுப்பு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் சதை. என் பெயரைச் சொல்லவைத்தே தீருவது என்று நாள் முழுக்க அதன் எதிரே உட்கார்ந்து என் பெயரை நானே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது என்னை லட்சியமே செய்யவில்லை. மத்தியானமானால் தண்ணீரைத் திறந்துவிடும். முதலில் மெல்லியதாக, பிறகு பாறையில் மோதுவதுபோல. திடீரென்று தண்ணீர் நிற்கும். நீளமாக மூன்று விசில். உடனே கூண்டின் அடியில் இறங்கி, தலையை உள்ளே இழுத்து, கல்லாகக் கிடக்கும். வாழைப்பழத்தை அலகிலேயே வைத்தாலும் வாங்காது. நானும் இது ஏதோ விளையாட்டு என்று பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொள்வேன். ஆனால் அந்த மௌனம் நீள நீள எனக்குப் பயமாக இருக்கும். ஏதோ வரப்போகிறது என்று அதற்குத் தெரியும். எது என்று எனக்குத் தெரியாது.

அடுக்குமாடி முழுக்கப் பேச்சு கிளம்பிவிட்டது. கீழ்வீட்டு மாமா, குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி, அப்பாவைப் படிக்கட்டில் மடக்கினார். "தப்பா எடுத்துக்காதேள் சார். ஊரே காஞ்சு கிடக்கு, உங்காத்துல மட்டும் தெனம் கொட்டறதே, எப்படி?"

அப்பா தி.நகர் ஜவுளிக்கடையில் மேனேஜர், நாலு பேர் மதிக்கிற மனிதர். மைனாவைக் காட்டினால் கேஸ், காட்டாவிட்டால் தண்ணீர்த் திருடன். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். சித்தப்பா திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, மாமாவைக் கூப்பிட்டுக் கூண்டைக் கூடத்தில் வைத்துவிட்டார். மாமாவின் பின்னால் பாதி அடுக்குமாடி வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சிலர் குடத்தோடு வந்தார்கள்.

மைனா ஆரம்பித்தது. கூடத்தில் தண்ணீர் ஓடியது. கீழ்வீட்டு மாமி புடவைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். பிறகு விசில். மைனா பொத்தென்று கீழே இறங்கியது. அதே நொடியில் சித்தப்பா இரண்டு கைகளாலும் காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு நின்றார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. மாமா முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா கையை இறக்க வெகுநேரம் ஆயிற்று. வெடிக்கு முன்னால் விசில் ஊதுவார்கள், பழக்கதோஷம் என்று அசடு வழிந்தார். தண்ணீர்ச் சத்தம் அங்கே ஓடிய காட்டோடையுடையது என்றார்.

அந்த ஓடை இப்பவும் இப்படித்தான் ஓடறதா என்று மாமி கேட்டாள்.

"இல்லம்மா. தண்ணி பூரா மலைக்குள்ள போயிட்டு. கீழ வெறும் பாறைதான்" என்றார் சித்தப்பா. அதோடு நிறுத்தாமல், யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார். அத்திமரத்துக்கு இருவாச்சிப் பறவைகள் வருவதில்லை. விடிகாலையில் ஓடைக்கரையில் பாடும் நீலக் குருவி போன இடம் தெரியவில்லை. அந்த ஒரு மலையில் மட்டுமே உண்டு என்று சொல்லப்பட்ட சின்னத் தவளை, பாறையிலேயே புளியந்தோல் மாதிரி காய்ந்து ஒட்டிக்கிடந்தது. "இப்ப வெடியும் இல்ல, விசிலும் இல்ல. ஒரு சத்தமும் கிடையாது அங்க." நான் கூண்டுக்குள் பழத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

திருட்டுப்பட்டம் அன்றே போயிற்று. ஆனால் பறவை இங்கே இருக்கக் கூடாது, எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் கூண்டைக் கட்டிக்கொண்டு அழுதேன். சித்தப்பா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அதை அதனுடைய ஓடைக்குப் பக்கத்திலேயே விடவேண்டும் என்று சத்தியம் வாங்கிய பிறகுதான் கடைசி விரலை விட்டேன்.

சில நாள் கழித்து மலையிலிருந்து அவருடைய போன் வந்தது. "விட்டுட்டேன் பிள்ள. கேக்கியா?" என்று போனைத் தள்ளிப் பிடித்தார். தண்ணீர் சலசலவென்று ஓடியது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடை ஓடுது, ஓடை ஓடுது என்று கத்தி அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா போனை வாங்கிக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். என்னிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் திரும்பக் காதில் வைத்தபோது தண்ணீர் நின்று, மூன்று விசில் கேட்டது. அங்கே இன்னும் வேலை நடக்கிறது போலிருக்கிறது, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு சித்தப்பா எப்படி இரண்டு காதையும் பொத்துவார் என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.