இளநீர் வெட்டி வைத்துக் காத்திருந்த எங்கள் அண்ணன்

அண்ணனுக்குப் போடுகிற இந்த நினைவு மலரில் எழுதச் சொல்லி அண்ணன் மகள் நோட்டும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எழுத்து கோணலாக வரும், முன்னே நடந்தது பின்னே வரும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது நடுத்திட்டில். முக்கொம்பிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற வழியில், கொள்ளிடக் கரைக்கு உள்ளே, ஆற்றுப் பக்கமாக இருக்கிறது எங்கள் இடம். மேற்கே மேலத்தோப்பு, கிழக்கே கீழத்தோப்பு. இரண்டுக்கும் பஞ்சாயத்து உண்டு. எங்களை இவர்கள் அவர்களிடம் போகச் சொல்வார்கள், அவர்கள் இவர்களிடம் போகச் சொல்வார்கள். எங்கள் அப்பா அம்மா வாழைத் தோட்ட வேலைக்கு வந்து குடிசை போட்டவர்கள். அப்போது ஏழு வீடு என்று அம்மா சொல்வார்கள்.

கரைக்கு உள்ளே குடியிருப்பது தெரிந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். அதனால் குழந்தைக்குப் பேச்சு வந்ததும் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்: "யாரு கேட்டாலும் மேலத்தோப்புன்னு சொல்லு. இங்க வேலைக்கு வந்திருக்கோம்னு சொல்லு." பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் எழுதினார்கள். ரேஷன் கார்டிலும் அப்படித்தான்.

அண்ணனுக்கு மட்டும் அது பிடிக்காது. வாழைத்தார் வெட்டுகிற வேலை அவருக்கு. தோள் எல்லாம் கறை. முக்கொம்பில் தண்ணீர் திறந்து வீட்டுக்குள் வந்த வருஷம், இரண்டு பஞ்சாயத்துமே எங்களை வெள்ள நிவாரணக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு திங்கட்கிழமை தோறும், நடுத்திட்டையும் ஊராகச் சேர்க்கச் சொல்லி மனு எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி கலெக்டர் ஆபீசுக்குப் போவார். கரை மேல் நின்று கோபுரத்தைக் காட்டுவார். "ரங்கநாதர் கோபுரம் இம்மாம் பக்கத்துல தெரியுது. நம்ம ஊரு மட்டும் யாரு கண்ணுக்கும் தெரியலியே" என்பார். எத்தனை வருஷம் போனார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் கணவரை இழந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோதும் போய்க்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் ஒரு நாள், நேரில் வந்து பார்க்கிறோம் என்று கலெக்டர் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, பழைய மனு நகலெல்லாம் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, கரை மேல் இளநீர் வெட்டி வைத்துக் காத்திருந்தார். தார் வெட்டப் போனவர்களைப் பத்து மணிக்குத் திரும்பிவிடச் சொல்லியிருந்தார்.

வந்தவர்கள் கரை வழியாக வரவில்லை. ஒன்பது மணிக்கே மேலத்தோப்புத் தோட்டத்து வழியாக பைக்கில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். நான் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, நீங்க எந்த ஊரு?"

எழுந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "மேலத்தோப்புங்க."

"இங்க யாரும் குடியிருக்கலியா?"

"இல்லைங்க. வேலைக்கு வந்துட்டுப் போறவங்கதாங்க."

"கொட்டகைதான் சார், எழுதிக்குங்க" என்றார் ஒருவர். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பைக் சத்தம் கேட்டு அண்ணன் ஓடி வந்தார். அதற்குள் அவர்கள் தோட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் பாப்பா, இத்தன வருஷமா சொன்ன பொய்ய இன்னிக்கு ஒரு நாள் மறந்திருக்கக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான். பிறகு எழுந்து, "யாரு கேட்டாலும் நீ ஒண்ணும் பேசாத. நான் பாத்துக்குறேன்" என்றார்.

பத்து மணிக்கு ஆட்கள் வந்து கேட்டதற்கு, "நான்தான் எளநி வெட்டிக்கிட்டு அசந்துட்டேன். ஆளு இல்லாம அவுங்க திரும்பிப் போயிட்டாங்க" என்று சொன்னார். குடியிருப்பு ஏதும் இல்லை என்று பதில் கடிதம் வந்த பிறகு ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? "என்ன மாமா, இன்னிக்கு எத்தன எளநி?" என்று கரை மேல் போகும்போதெல்லாம் கேட்டார்கள். கல்யாண வீட்டில்கூடக் கேட்டார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே போவார். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். மறுபடியும் மனு எழுதினார். யாரும் வரவில்லை.

போன வருஷம் நெஞ்சு வலி வந்தது. தார் ஏற்றுகிற வண்டியில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீட்டு எழுதும் இடத்தில் ஊர் கேட்டார்கள். இந்தத் தடவை நான் முன்னால் போய், "நடுத்திட்டுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். "அது எந்தப் பஞ்சாயத்தும்மா?" என்றார் எழுதுகிறவர். மறுபடியும் "நடுத்திட்டுங்க" என்றேன். அவர் மேலத்தோப்பு என்று எழுதிக்கொண்டார். நான் சொன்னது அண்ணன் காதில் விழுந்ததா என்று தெரியாது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

வண்டி ஓட்டிய தம்பிக்கும், அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்த நர்ஸ் அம்மாவுக்கும், தங்கள் சுடுகாட்டில் இடம் கொடுத்த மேலத்தோப்புக்காரர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இதில் எது முன்னே எது பின்னே என்பது, வீட்டுக் கணக்கு எல்லாம் தப்பாக இருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்த வேண்டும். இறப்புச் சான்றிதழில் என்ன ஊர் போட்டிருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள், எனக்கு அந்த எழுத்து பொடியாக இருக்கிறது. அன்றைக்கு பைக்கில் வந்தவர்களிடம் நான் சொன்னதாக எழுதியிருப்பதை மட்டும் யாரும் திருத்த வேண்டாம். அண்ணன் அசந்து போகவில்லை.