இருபது விநாடியில் மாட்டிக்கொண்ட பதினொரு மாதம்

கம்ப்யூட்டரில் இசை செய்கிற தொழிலில் ஒரு டிராக்கை ஆரம்பிக்க ஒரு மதியம் போதும், முடிக்கத்தான் ஆயுசு போதாது.

நான் ஒரு விதி எழுதிய அன்றைக்கு அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலில் சார்லஸ். பூந்தமல்லியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே இருக்கும் அந்த அறை அவருடையது. அடுத்து பாபு, திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். போனிலேயே குத்து டிராக் செய்வான். மூன்றாவது நித்யா, கோயம்புத்தூர்ப் பெண், ஐ.டி. வேலை, பாரிவாக்கத்தில் புது ஃபிளாட். நான்காவது தினகரன், எதையும் பாதியில் நிறுத்திவிட்டு மீதி மனசுக்குள் இருக்கிறது என்று சொல்பவர். ஐந்தாவது நான். மேனாம்பேடு, வயது அறுபத்து நான்கு, படிப்பு எட்டாம் வகுப்பு, அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம் லேத், சர்ச்சில் முப்பத்தொரு வருடம் கீபோர்டு. ஃபேக்டரியை மூடிய பிறகு வீட்டில் ஓர் அறையில் உட்கார்ந்து நடனப் பள்ளிகளுக்கும் பாடகர் குழுக்களுக்கும் டிராக் செய்து கொடுக்கிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் நாங்கள் கூடுவோம். அவரவர் சொந்தமாகச் செய்ததைப் போட்டுக் காட்ட வேண்டும். நான் கூச்சக்காரன். அந்த இரண்டு மணி நேரத்தைத் தவிர வேறெங்கும் நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. எண்ணிப் பார்த்திருக்கிறேன். என்னைப் போல் ஒரே எட்டு பாரை, அதாவது எட்டுத் தாள அளவுள்ள ஒரே துண்டை, சுற்றிச் சுற்றிக் கேட்டுக் காது மரத்துப்போனவர்கள் இதைப் படித்தால், அந்த அறையில் எனக்கிருக்கும் ஒரு நாற்காலியை விட எனக்கு ஏன் மனசில்லை என்பது அவர்களுக்குப் புரியும்.

நானே எழுதிய விதி

தினகரன் மாதாமாதம் பாதி டிராக்கோடு வருவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் அன்றைக்கு நான் ஒரு தாளில் இரண்டு வரி எழுதினேன். முடிக்காமல் வருகிறவர் டீ டம்ளர்களைக் கழுவ வேண்டும். பன்னிரண்டு கூட்டம் தொடர்ந்து முடிக்காதவர் நாற்காலியைக் காலி செய்ய வேண்டும். எல்லோரும் சரி என்றார்கள். சார்லஸ் தாளைக் கீழே கடைக்கு எடுத்துப்போய் லேமினேஷன் செய்து சுவரில் மாட்டினார்.

அடுத்த கூட்டத்துக்குள் தினகரன் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் நாற்காலியைச் சார்லஸ் கடைக்கு இறக்கிவிட்டார். மேலே நான்கு நாற்காலி, நான்கு டம்ளர். மற்ற மூவரும் ஒவ்வொரு மாதமும் எதையாவது முடித்துக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் வரவில்லை. பதினொரு கூட்டத்தில் நாற்பத்து நான்கு டம்ளர் கழுவினேன்.

ஒன்பதாவது மாதம் சார்லஸைத் தனியாகக் கூப்பிட்டு, பன்னிரண்டு என்பதை இருபத்து நான்கு என்று மாற்றலாமா என்று கேட்டேன். கேட்பதற்கே எனக்கு மூன்று வாரம் ஆனது. அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "அண்ணே, லேமினேஷன் பண்ணிட்டேனே."

ஆவடி மிஸ்

எனக்கு வேலை தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அடுத்தவர்களுக்கென்று இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு டிராக் முடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூட ஒரு நாள் தாமதமில்லை. எனக்கென்று ஆரம்பித்தவைதான் நாற்பத்து மூன்றும் நடுவில் நிற்கின்றன. அதில் ஒன்றுதான் இந்த எட்டு பார். நான்கு தட்டு ஒரு பார். எட்டு பார் ஓடி முடிய இருபது விநாடி. இருபத்தோராவது விநாடியில் என்ன வர வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோதெல்லாம் இன்னொரு வாத்தியத்தை மேலே சேர்த்தேன். ஐம்பத்தேழு ஒலி ஆகிவிட்டது.

ஆவடியில் நடனம் கற்றுக்கொடுக்கும் வசந்தி மிஸ் ஆண்டு விழாவுக்கு நான்கு நிமிட டிராக் கேட்டார். மூன்று நாளில் முடித்தேன். இரண்டாவது நிமிடத்தில் ஒரு திருப்பம், மூன்றாவது நிமிடத்தில் மழை மாதிரி ஒரு மணியோசை, எல்லாம் கணக்காக வைத்திருந்தேன். அவர் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டார். ஒன்றரை நிமிடத்தில் கையைத் தூக்கினார். அதற்கு மேல் எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். அதற்கு அப்புறம்தான் விஷயமே இருக்கிறது என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "சும்மா அடுக்கிக்கிட்டே போனா என் பிள்ளைங்களுக்கு மூச்சு வாங்கும் சார், இதோட நிறுத்திக்குங்க."

முப்பது விநாடி

நான் நின்றுபோயிருக்கிறேன் என்பது தெரிந்ததும் ஆலோசனை சொல்ல வராதவர்கள் இல்லை. நடந்துவிட்டு வா என்றார்கள். நடந்தேன். மேனாம்பேட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போகும்போதும் அதே எட்டு பார், வரும்போதும் அதே எட்டு பார். ஒரு மாதம் தொடாதே என்றார்கள். தொடவில்லை. ஒரு மாதம்தான் போயிற்று. பிடித்த டிராக் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் நடையைப் பார்த்துச் செய் என்றார்கள். அந்த டிராக் நன்றாக இருந்தது. என்னுடையது அப்படியே இருந்தது.

இதில் எனக்குக் கோபம் வந்தது என் மச்சானிடம்தான். என் மனைவி எஸ்தரின் தம்பி, திருமுல்லைவாயலில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் போனை நீட்டி, என்ன வேண்டுமென்று எழுதினால் அதுவே பாட்டுப் போடும் என்றான். சாம்பார் சாதம், சோகம், வேகமான தாளம் என்று எழுதினான். முப்பது விநாடியில் வந்தது. ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் இருந்தது. எஸ்தர் தலையாட்டிக் கேட்டாள். என் எட்டு பாருக்குப் பதினொரு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் தலையாட்டியதில்லை. மச்சான் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னான்: "மாமா, நீங்க குளிச்சிட்டு வர்றதுக்குள்ள இது ஒம்போது முடிச்சிடும்."

முடித்துவிட்டுப் போகட்டும். அதற்கு நாற்காலி வேண்டியதில்லையே.

நாற்பது நிமிடம் திருப்பிய குமிழ்

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களில் இதைச் செய்யாதவர் ஒருவர் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

நித்யா ஒரு சனிக்கிழமை காலையில் உதவிக்கு வந்தார். பிரச்சினை அடியில் ஓடும் பேஸ் ஒலியில் இருக்கிறது, அது அடைத்துக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் திறந்துவிட்டால் அடுத்த பகுதி தானாக வரும் என்றார். திரையில் ஒரு குமிழைப் பிடித்துத் திருப்பினேன். இரண்டு பேரும் கண்ணை மூடிக் கேட்டோம். இன்னும் கொஞ்சம் என்றார். திருப்பினேன். இப்போது அதிகம் என்றார். எனக்கும் அதிகமாகத்தான் பட்டது. அரைப் புள்ளி குறைத்தேன். இப்போதுதான் சூடு வந்திருக்கிறது என்றார். ஆமாம், வந்திருந்தது. நான் சத்தியமாகக் கேட்டேன். நாற்பது நிமிடம் இப்படி. எஸ்தர் கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டிவிட்டது.

பிறகுதான் பார்த்தேன், அந்தக் குமிழுக்குப் பக்கத்தில் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. அந்தக் கருவியையே நான் போன வாரம் அணைத்து வைத்திருக்கிறேன். நாங்கள் திருப்பிய குமிழ் எதனோடும் சேர்ந்திருக்கவில்லை. ஒலி முதல் நிமிடத்திலிருந்து நாற்பதாவது நிமிடம் வரை ஓர் இம்மிகூட மாறவில்லை. நித்யா ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்: "இதை நம்ம ரெண்டு பேர்த்துக்குள்ளயே வச்சுக்கலாங்க சார்."

வைத்துக்கொண்டிருந்தேன். இன்று எழுதிவிட்டேன்.

ஐம்பத்து நான்கு தடவை

பன்னிரண்டாவது கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. பட்டாபிராமிலிருந்து அருண் என்றொருவர் சேரக் கேட்டிருக்கிறார், வரச் சொல்லியிருக்கிறேன் என்று சார்லஸ் போனில் சொன்னார். எந்த நாற்காலிக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாபுவுக்கு இது பொறுக்கவில்லை. அந்த எட்டு பாரை அவன் போனுக்கு அனுப்பச் சொன்னான். மறுநாள் மதியம் திருவேற்காட்டில் என்னை ஆட்டோவில் ஏற்றி முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்தான். ஜனங்கள் கேட்கட்டும், ஜனங்கள் முகத்தில் தெரிந்துவிடும் என்றான். பூந்தமல்லி வர பதினெட்டு நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு மூன்று வீதம் என் எட்டு பார் ஐம்பத்து நான்கு தடவை ஓடியது. பின்னால் ஆறு பேர். நான் திரும்பவில்லை. கழுத்து வியர்த்தது. பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால், மடியில் பூக்கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் பாபுவின் தோளைத் தட்டினார்: "ஏம்ப்பா, யாருக்கோ போன் போட்டிருக்கியா? இம்மா நேரமா எடுக்கவே மாட்றாங்களே."

எல்லோரும் இறங்கிப் போனார்கள். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவமானத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று பாபு நினைத்துக்கொண்டான். அது மட்டுமில்லை. பாதி வழியிலிருந்தே என் டிராக்கில் ஏதோ குறைந்திருப்பது போலவும், அந்தக் குறைவு நன்றாக இருப்பது போலவும் பட்டுக்கொண்டிருந்தது. வலது பக்க ஸ்பீக்கரில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. ஒயர் அறுந்து இரண்டு மாதம் ஆகிறதாம். வலது பக்கத்துக்கென்று நான் தனியாகப் பிரித்து வைத்த இருபத்தோரு ஒலிகளும் திருவேற்காட்டிலிருந்தே வண்டியில் ஏறவில்லை. ஒவ்வொன்றையும் எத்தனை மாதம் உட்கார்ந்து இழைத்திருப்பேன். என் இருபத்தோரு ஒலியும் போச்சு, இரண்டு மாதமாக ஒற்றைக் காதில் பாட்டுக் கேட்கிறாயே, நீயெல்லாம் இசை செய்கிறவனா என்று கத்திவிட்டேன். அந்த வருடத்தில் நான் கத்தியது அது ஒன்றுதான். அவன் சாவியைச் சுழற்றிக்கொண்டே சொன்னான்: "அண்ணாத்தே, இருவத்தோரு பேரு வரலன்னு ஒரு பேசஞ்சராவது கேட்டானா?"

பன்னிரண்டாவது ஞாயிறு

வீட்டுக்கு வந்து அந்த இருபத்தொன்றையும் எடுத்தேன். மீதி முப்பத்தாறு. ஆவடி மிஸ் சொன்ன மூச்சு நினைவுக்கு வந்தது. கோபத்தோடே அதிலும் பாதியை எடுத்தேன். பதினெட்டு நின்றது. அதில் பதினேழின் வாயை அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓடவிட்டேன். இருபத்தோராவது விநாடியில் வர வேண்டியது புதிதாக எதுவுமில்லை, இரண்டாவது ஒலிதான். பிறகு மூன்றாவது. மீதி மூன்றும் நான்குமாகச் சேர்ந்து ஏறின. ஏறியது போலவே இறக்கினேன். நூற்று நான்கு பார், நான்கு நிமிடம் இருபது விநாடி. கடைசித் தட்டு முடிந்ததும் கை தானாக இன்னொரு வாத்தியம் சேர்க்கப் போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு இருபது நிமிடம் முன்னாலேயே போனேன். என் நாற்காலியில் அருண் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும், நல்ல பையன் மாதிரிதான் தெரிந்தார். அவரை எழுப்ப எனக்கு வாய் வரவில்லை. சார்லஸ் வேண்டுமென்றே என்னைப் பார்க்காமல் டீயை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே பென் டிரைவை நீட்டினேன். நின்றுகொண்டே நான்கு நிமிடம் இருபது விநாடியும் கேட்டேன். கடைசி ஒலி நின்றது. அப்போது அருண் மெதுவாக எழுந்து, சுவரோரம் இருந்த ஜெராக்ஸ் பேப்பர் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்தார். பாபு போனை எடுத்து நேரம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்: "இன்னா அண்ணாத்தே, அதுக்குள்ள முட்ச்சிட்ட?"

அன்றைக்கு முடிக்காமல் வந்தவர் நித்யா. ஐந்து டம்ளரை அவர் கழுவினார். விளிம்பை உள்பக்கம் தேய்க்கவில்லை. ஐந்தையும் நான் மறுபடி கழுவினேன்.

வெளியே எடுத்த முப்பத்தொன்பது ஒலிகளையும் அழிக்க மனம் வராமல் நான்கு கட்டாகப் பிரித்து நான்கு புது டிராக்காகச் சேமித்து வைத்ததில், பதினொரு மாதம் போராடி ஒன்றை முடித்த பிறகு என்னிடம் முடியாமல் மீதி இருப்பவை நாற்பத்தாறு.