ஸ்ட்ரோல் டியூட்டி

எனக்கு அஞ்சாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்து கோணலாக வரும், முன்னே பின்னே மறந்தும் போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் என் மருமகள் டியூஷன் பிள்ளைகளுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஸ்ட்ரோல்னா போற இடம்னு எதுவும் இல்லாம, நிதானமா, ஜாலியா நடக்கறது. பார்க்ல ஸ்ட்ரோல் பண்ணோம்னு எழுதலாம். டியூட்டிக்கு ஸ்ட்ரோல் பண்ணேன்னு எழுதினா மார்க் போயிடும்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் அது ஒரு வேலையின் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். அப்பா திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். ஒருநாள், "இனிமே எனக்கு ஸ்ட்ரோல் டியூட்டி" என்றார். என்ன அது என்று அம்மா கேட்டதற்கு, "இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்வாங்க" என்று முடித்துவிட்டார். ரயில்வே உத்தியோகத்தைவிடப் பெரிசாடி என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன்.

அப்புறம் ஒரு பகலில் சித்தியோடு பஸ்ஸில் மலைக்கோட்டைப் பக்கம் போனபோது, காவிரிப் பாலத்து நெரிசலில் பஸ் நின்றது. வெளியே அப்பா. உச்சி வெயிலில் டிபன் கேரியரோடு மெதுவாக நடந்தார். நின்று ஆற்றைப் பார்த்தார். வந்த வழியே திரும்பி நடந்தார். சித்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். "வேற யாராவதா இருக்கும். அப்பாகிட்ட கேட்டு வைக்காதே" என்றாள். நானும் நம்பிவிட்டேன்.

மறுநாள் காலை டிபன் கேரியரோடு குடையையும் நீட்டினாள்.

"டியூட்டிக்கு எதுக்குடி குடை?"

"ஸ்ட்ரோல் டியூட்டில வெயில் ஜாஸ்தியாமே. எடுத்துக்கிட்டுப் போங்க."

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். டியூட்டி பார்க்கிற இடத்தில் கூரை இருக்கும் என்பதுகூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். அவர் லேத் ஓட்டிய பட்டறையை அப்போதே மூடிவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டபோதும், நல்லவேளை அப்பா ஸ்ட்ரோலுக்கு மாறிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவருக்குப் போக இடமில்லை என்பதும், அது அம்மாவுக்குத் தெரியும் என்பதும் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மருமகளிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவள் சொன்ன அர்த்தத்தில் 'ஜாலியா' என்று ஒன்று வருகிறதே, அது சரிதானா என்று இங்கிலீஷ் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அப்பா அப்படி நடக்கவில்லை.