மூன்று வருடம் ஒரே விலாசம்

"விண்ணப்பதாரர் பானுஜன் ஸ்ரீஸ்கந்தராஜா, இலங்கைப் பிரஜை. தொழில்: ஊழியர், விளையாட்டுத் துறை. மோஸ்விலர் ஊர் மக்களுக்கு அறிமுகமற்றவர். ஊரின் பொது வாழ்வில் பங்கெடுத்ததற்கான தடயம் இல்லை. தற்காலிகமாகத் தங்கியிருப்பவரின் தன்மை உடையவர்."

குடியுரிமை விண்ணப்பம் பற்றி ஊராட்சி பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் இரண்டாவது பந்தி இது. மோஸ்விலரில் ஊராட்சித் தலைவியை வீதியில் கண்டால் அடையாளம் தெரியாதவர்கள் தாராளமாக உண்டு. பானுஜனைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. கிட்டத்தட்ட மூன்று வருடமாக, ஒன்றுவிட்ட ஒரு சனிக்கிழமை, எண்ணூறு பேர் வேலியோரம் கூடிநின்று அவனைப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். ஒரு வெளிநாட்டுப் பெயரை அந்த ஊர் இவ்வளவு பிழையில்லாமல் உச்சரிக்கக் கற்றுக்கொண்டது அதுவே முதல் தடவை.

பானுஜன் சூரிச்சின் ஓர்லிகோனில் பிறந்தவன். அப்பா ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அம்மா ராஜேஸ்வரி அலுவலகங்கள் துப்பரவாக்கினாள். பன்னிரண்டு வயதில் ஒரு பெரிய கழகம் அவனைத் தன் இளையோர் அணிக்கு எடுத்தது. பதினெட்டில், "உன் இடக்கால் நல்லது, மற்றதெல்லாம் சுமார்" என்று கை குலுக்கி அனுப்பிவிட்டது. அந்த ஒரு காலை வைத்துக்கொண்டு அவன் தொழில் செய்தான். இடப்பக்கப் பின்காவல். பந்தை வைத்திருக்கும் வித்தை அவனுக்கு அவ்வளவாக வராது. மற்றவன் வைத்திருக்கவிடாமல் செய்யும் வித்தை நன்றாக வரும். வின்டர்தூர்ப் பக்கம் ஒரு வருடம், ஷாஃப்ஹவுசனில் இரண்டு, சங்க்ட் காலன் மலையடிவாரத்தில் ஒன்றரை, திச்சினோவில் ஒரு மழைக்காலம், லூட்சேர்னுக்குக் கிட்ட ஒரு ஊர், சொலத்தூர்ன். அதற்குப் பிறகு மோஸ்விலர். பதினைந்து வருடத்தில் ஏழு கழகங்கள், நூற்றுப் பதினெட்டு மஞ்சள் அட்டைகள், ஒன்பது சிவப்பு, மூன்று கோல்கள். மூன்றில் ஒன்று தன் பக்க வலைக்குள் போனது.

இப்படி வாழ்கிறவனுக்கு ஒரு வீட்டு முறை வந்துவிடும். இரண்டு பெட்டி, ஒரு மெத்தை, ஒரு சோற்றுப்பானை. சுவரில் ஆணி அடிப்பதில்லை. போகும்போது ஓட்டையை அடைத்துக் கொடுக்கவேண்டும். தபால்பெட்டிக்குப் பெயர்த்தகடு செய்விப்பதில்லை. தகடு வந்துசேரும்போது ஆள் வேறு ஊரில் இருப்பான். கணுக்காலுக்குச் சுற்றுகிற வெள்ளை நாடாவில் ஒரு துண்டு கிழித்து, பேனாவால் பெயரெழுதி ஒட்டினால் அலுவல் முடிந்தது.

தமிழ்ச் சனத்துக்கு அவனுடைய தொழில் விளங்கவேயில்லை.

"தம்பி, உம்மை டீவியிலை காணேல்லையே?" என்பார் கலியாண வீட்டில் ஒரு அண்ணை.

"மூண்டாம் பிரிவை டீவியிலை போடமாட்டினம், அண்ணை."

"ஓ, அப்ப இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறீரோ?"

முப்பது வயதில் அவனுக்கு முழங்கால் பேச ஆரம்பித்தது. பொலிசில் சேருவது என்று அப்போதுதான் தீர்மானித்தான். பதினைந்து நிமிட நேர்முகத்தில், ஏன் பொலிஸ் என்று கேட்டார்கள். "மத்தியஸ்தர் பார்க்காத நேரம் எது, குற்றம் செய்கிறவன் எந்தப் பக்கம் நிற்பான், இரண்டும் எனக்குத் தெரியும்" என்றான். அவர்கள் சிரித்தார்கள். ஓட்டப் பரீட்சையிலும் எழுத்துப் பரீட்சையிலும் சித்தியடைந்தான். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"பொலிசைக் கண்டு ஓடித்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தனான்," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "நீ ஓடி ஓடிப் போய் பொலிசிலையே சேரப்போறியோ?"

பொலிசில் சேர ஒரே ஒரு குறை இருந்தது. அவனிடம் சுவிஸ் கடவுச்சீட்டு இல்லை. அதுவும் முப்பத்தைந்து வயதுக்குள் வேண்டும், அதற்கு மேல் எடுக்கமாட்டார்கள்.

இந்த நாட்டில் பிறந்து, சூரிச் ஜெர்மனில் கனவு காண்கிறவனிடம் ஏன் இல்லை என்றால், பாதிக் காரணம் அப்பா. 'அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடுவம்' என்று முப்பது வருடம் சொல்லி அவர் விண்ணப்பம் போடவில்லை. மீதிக் காரணம் உதைபந்தாட்டம். சுவிசில் குடியுரிமை கொடுப்பது முதலில் ஊர், பிறகுதான் கன்டோன் என்கிற மாகாணம், கடைசியில் நாடு. ஊர் கொடுக்கவேண்டுமென்றால் அந்த ஊரில் தொடர்ந்து மூன்று வருடம், இரண்டு வருடம் என்று குடியிருக்கவேண்டும். வேறு ஊருக்குப் போனால் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து. பானுஜனை ஒவ்வொரு கழகமும் ஒன்றரை வருடத்தில் விற்றுவிடும். அவனுடைய தங்கை சரணியா ஓர்லிகோனைவிட்டு அசையாமல் இருந்து பத்தொன்பது வயதில் சிவப்புப் புத்தகத்தை வாங்கிவிட்டாள். நாடு முழுவதும் ஓடியவன் வெளிநாட்டான். ஒரு டிராம் பாதையைத் தாண்டாதவள் சுவிஸ்.

மோஸ்விலர் விதி மூன்று வருடம். பானுஜன் முதல் தடவையாக மூன்று வருட ஒப்பந்தம் கேட்டான். கழகம் அதிசயப்பட்டுக் கொடுத்தது. ஊர் அவனை முதல் ஆட்டத்திலேயே வெறுத்தது. முன்பு லூட்சேர்ன் பக்க அணிக்கு ஆடியபோது மோஸ்விலரின் செல்லப் பிள்ளையான முன்கள ஆட்டக்காரனின் கணுக்காலை அவன் ஒருமுறை பதம் பார்த்திருந்தான். அதைச் சனம் மறக்கவில்லை. கூரை வேலை செய்யும் ரூடி என்பவர் வேலியில் சாய்ந்துகொண்டு, "பானுஜன், உன் பெட்டியைக் கட்டு!" என்று கத்துவார். அடுத்த ஆட்டத்துக்குள் அது பாட்டாகிவிட்டது.

திட்டுகிற ஊரோடு அவன் கலக்கவுமில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு ஓகஸ்டிலும் கடைசி ஞாயிறு மோஸ்விலர் ஊர் விழா. முதல் வருடம் அன்றைக்கு பூம்ப்ளிஸில் மச்சாளின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. இரண்டாம் வருடம் ஒரு கலியாணம். மூன்றாம் வருடம் ஒரு குழந்தையின் முதலாவது பிறந்தநாள், மண்டபத்தில் நானூறு பேர். "நீ வராட்டில் சனம் என்ன சொல்லும்?" என்பாள் ராஜேஸ்வரி. போனான். மோஸ்விலர்ச் சனமும் அதே நாட்களில் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் வருடம் தை மாதம் கழகம் அவனை விற்றது. வாங்கியது ஷ்டைன்மாட், பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பரம எதிரி. பானுஜன் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வீடு மாறவேண்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

"தேவையில்லை," என்றார் ஷ்டைன்மாட் பயிற்றுநர். "ஆனால் அங்கே எப்படி இருப்பாய்? கல்லால் எறிவார்களே."

"இப்போது மட்டும் பூவா போடுகிறார்கள்?"

ஆக, மோஸ்விலரில் குடியிருப்பதற்காக மோஸ்விலரின் எதிரிக்கு ஆடினான். அடுத்த மாதம் மூன்று வருடம் நிறைந்தது; மறுநாளே விண்ணப்பம் கொடுத்தான். குடியுரிமைக் குழுவின் தலைவி திருமதி ஹப்லுட்செல், முப்பத்தொரு வருடம் அந்த ஊர்த் தபாலகத்தை நடத்தி ஓய்வு பெற்றவர். உதைபந்தாட்டம் பார்ப்பதில்லை. மலைகளின் பெயர், ஊராட்சியின் கடமைகள், குப்பை எடுக்கும் நாள் என்று நேர்முகத்தில் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான்.

"ஊரில் உங்கள் நண்பர்கள் யார்?"

"என் தொழிலில் அந்தந்த ஊரில் எதிரிகள்தான் கிடைப்பார்கள், திருமதி ஹப்லுட்செல்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

விண்ணப்பத்தை ஊர்ச்சபையில், அதாவது சுவிஸ் ஊரார் எல்லோரும் கூடும் சபையில், வாக்குக்கு விடுவது ஜூன் நடுவில். ஊர் தலையாட்டினால், கன்டோனும் நாடும் முத்திரை குத்த ஒரு வருடம்; அடுத்த வருட ஒக்டோபர் பொலிஸ் பள்ளி வகுப்பில் உட்காரலாம். அதைத் தவறவிட்டால் வயது கடந்துவிடும். இந்த நிலையில் மே மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு ஆட்ட அட்டவணை போட்டிருந்தது: மோஸ்விலர் எதிர் ஷ்டைன்மாட், மோஸ்விலர் மைதானத்தில். மோஸ்விலர் சமநிலை எடுத்தால் மூன்றாம் பிரிவில் தப்பும். தோற்றால் கீழே.

சரணியா வியாழக்கிழமையே தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணா, கால் சுளுக்கெண்டு சொல்லிப்போட்டு வீட்டிலை கிட."

"சுளுக்கேல்லையே."

"பதினைஞ்சு வருஷமா இல்லாத அடியை எல்லாம் அடிச்சதெண்டு விழுந்து உருண்டனீ. இப்ப மட்டும் சத்தியவானோ?"

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "வயித்துக் குத்தெண்டு சொல்லச் சொல்லு! வயித்துக் குத்தை ஒரு டொக்டரும் கண்டுபிடிக்கேலாது!"

வெள்ளிக்கிழமை கடையில், பால் எடுக்கும் இடத்தில், ரூடி அவனை மறித்தார். "உடம்பு எப்படி? களைத்திருக்கிறாய் போல. நாளைக்கு ஓய்வெடுத்தால் நல்லது. ஜூனில் ஊர்ச்சபைக்கு எல்லோரும் வருவோம்." முகத்தில் சிரிப்பு இருந்தது. மிரட்டலையும் அக்கறையையும் ஒரே குரலில் சொல்லும் கலை அந்தப் பக்கத்துக்காரருக்கு இயல்பாக வரும்.

பானுஜன் விளையாடினான். நேர்மை என்று அதற்குப் பெயர் சூட்டத் தேவையில்லை. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இருபதாவது நிமிடத்தில் ஷ்டைன்மாட் ஒரு கோல் போட்டது. அதற்குப் பிறகு எழுபது நிமிடம் மோஸ்விலர் முட்டி மோதியது. பானுஜன் பக்கவாட்டில் பந்து எறியப் போகும் ஒவ்வொரு தடவையும் முதுகில் பியர் வந்து விழுந்தது. "வீட்டு வாடகை எங்களுக்கு, கால் அவங்களுக்கா?" என்று ஒரு கிழவர் கேட்டார். எண்பத்தெட்டாவது நிமிடம். ஷ்டைன்மாட் பந்துக்காப்பாளர் விழுந்துவிட்டார். வலை காலி. பந்து உள்ளே போகிறது. கோட்டில் பானுஜன் நின்றான். தலையைக் கொடுத்தான். பந்து மேல்கம்பத்தில் பட்டு வெளியே போனது.

மோஸ்விலர் நான்காம் பிரிவுக்கு இறங்கியது. அன்று அவன் மைதானத்திலிருந்து நானூறு மீட்டர் தூரத்திலிருக்கும் தன் வீட்டுக்குப் பொலிஸ் வண்டியில் போனான்.

ஊர்ச்சபை பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் கூடியது. வழக்கமாக அறுபது பேர் வருவார்கள். அன்று நூற்று எழுபது. பானுஜன் சரணியாவோடு பின்வரிசையில் இருந்தான். நிகழ்ச்சி நிரலில் நீச்சல்குளக் கூரைக்கு அடுத்தது அவன். ரூடி எழும்பினார்.

"நான் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசவில்லை," என்று தொடங்கினார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. ரூடி சிவந்துபோய், "இந்த மனிதருக்கு எங்கள் ஊர்மேல் மரியாதை இல்லை" என்றார்.

"சட்டப்படியான காரணம் சொல்லுங்கள்," என்றார் ஊராட்சித் தலைவி. "பந்தைத் தடுத்தது காரணமாகாது. காரணமில்லாமல் மறுத்தால் நீதிமன்றத்தில் தோற்போம்."

ரூடி உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சரணியா அவன் கையைப் பிடித்து, "முடிஞ்சுது அண்ணா, வெண்டிட்டாய்" என்றாள்.

அப்போது திருமதி ஹப்லுட்செல் கை உயர்த்தினார்.

"எனக்கு ஆட்டம் தெரியாது," என்றார். "இவர்மேல் எனக்குக் கோபமுமில்லை. மூன்று வருடமாக இவர் வீட்டைத் தாண்டித்தான் நடக்கிறேன். தபால்பெட்டியில் பெயர் ஒட்டுநாடாவில் எழுதி ஒட்டியிருக்கிறது. மழைக்கு அழியும்போது இன்னொரு துண்டு ஒட்டுவார். பதினாறு பிராங்குத் தகடு. மூன்று வருடம். தங்கப்போகிறவர் இப்படிச் செய்வாரா? கேட்கிறேன், அவ்வளவுதான்."

 பந்தைத் தடுத்ததை அந்த மண்டபம் ஒருவேளை மன்னித்திருக்கும். ஒட்டுநாடா வேறு விஷயம். பானுஜன் எழும்பினான். பதில் சொல்ல வாய் திறந்தான். அது தொழிற் பழக்கம் என்று அந்தச் சனத்துக்கு எந்த மொழியில் சொல்வது? "நான் கவனிக்கவில்லை," என்றான். உண்மைதான். அதைவிட மோசமான பதில் இல்லை.

வாக்கெடுப்பின்போது விண்ணப்பதாரர் வெளியே நிற்கவேண்டும். பிள்ளைகள் உடுப்பு மாட்டும் கொளுக்கிகளுக்குக் கீழே நின்றான். கதவு திறந்தது. எதிராக எண்பத்தெட்டு, ஆதரவாக எழுபத்தொன்பது.

"வழக்குப் போட்டால் கட்டாயம் வெல்லலாமாம்," என்றாள் சரணியா, சட்டத்தரணியைப் பார்த்துவிட்டு வந்து. "ஆனா ரெண்டு வருஷம் எடுக்கும். பொலிசுக்குப் பிந்திப்போம். பேந்து என்னத்துக்கு?"

"சுவிஸ் பாஸ்போட் உள்ள பிள்ளை ஒண்டைக் கட்டினால் இந்தக் கரைச்சலே இல்லை," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"அதுக்கும் மூண்டு வருஷம் அப்பா," என்றாள் சரணியா.

"பந்தடிக்கிறவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?" என்றாள் ராஜேஸ்வரி, விவாதத்தை முடித்துவைப்பதுபோல.

இனி எடுக்கமுடியாது என்று பொலிஸ் பள்ளி கவலை தெரிவித்து எழுதியது. திச்சினோவிலிருந்து ஒரு கழகம் அழைத்தது: இரண்டு வருடம், கூடிய சம்பளம், ஏரி தெரியும் வீடு. ரூடி மறுபடி பால் எடுக்கும் இடத்தில் அவனைக் கண்டார்.

"எப்போது பெட்டி கட்டுகிறாய்?"

"நீங்கள் சாகும்வரைக்கும் இருப்பேன்," என்றான் பானுஜன், தூய சூரிச் ஜெர்மனில். அங்கு மற்றவர்களும் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

திச்சினோவுக்கு வரவில்லை என்று எழுதினான். ஷ்டைன்மாட்டோடு இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்து வைத்தான். ஜூலை ஏழாம் திகதி காலை, மோஸ்விலரிலிருந்து, மேன்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் பத்து மணிப் பயிற்சிக்குப் போனான்.