பச்சை விளக்கு பொய் சொன்ன காலை

முதியோர் இல்லத்தில் மாமியார் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தாள். எலும்பு தப்பியது. ஆனால் அங்கே கட்டிலுக்குக் கட்டில், நர்ஸைக் கூப்பிடப் பொத்தானும் விளக்கும் உள்ள பெட்டி வைத்தவள் அவளுடைய மருமகளே.

"அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சதுதான் மிச்சம். உன் புருஷனைக் கூப்பிட்ட மாதிரி ஆயிடுச்சு, ஆளே வரல," என்றாள் மாமியார். "விளக்கு மட்டும் பச்சையா பல்லிளிச்சுது. வருவாங்கன்னு பாத்தேன், வரல. நானே இறங்கிட்டேன்."

தலைமை நர்ஸ் பழைய கைமணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா உன் பெட்டியையெல்லாம் கழட்டிடுவேம்மா."

பிள்ளை வளர்ப்புக்காக வேலையை விட்டு, மீண்டும் வேலைக்குத் திரும்பியவளுக்குக் கிடைத்த முதல் வேலை இது. மருமகள் மடிக்கணினியைத் திறந்து பெட்டியின் பதிவுகளைப் பார்த்தாள். காலையில் தரை துடைக்க வந்தவர்கள், அழைப்புகள் போய்ச் சேரும் நர்ஸ்களின் மேசைக் கணினி வயரைப் பிடுங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மாமியார் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். பெட்டியோ 'இணைந்தது' என்றே குறித்து வைத்திருந்தது.

விஷயம் பிடிபட்டது. செய்தி அனுப்ப அவள் எடுத்த லைப்ரரியில், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரலில், மேசைக் கணினியோடு இணை என்று சாக்கெட் என்னும் இணைப்பு முனைக்குச் சொன்னால் அது உடனே சரி என்றுவிடும். எதிர்முனையில் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பின்னால் வந்தாலும் தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்த வசதிக்காகத்தான் அதை எடுத்தாள். ஆனால் அந்தச் 'சரி'யை நம்பி இவள் பச்சை விளக்கை ஏற்றிவிட்டாள். கேட்க ஆளில்லாத நேரத்தில் போன அழைப்பு காற்றோடு போயிற்று.

உட்கார்ந்து மாற்றினாள். இனி பதில் வரும்வரை பெட்டி விடாமல் அழைக்கும். மேசையில் ஒருவர் திரையைத் தொட்டால்தான் பச்சை, அதுவரை சிவப்பு.

பிறகு தானே போய் மேசை வயரைப் பிடுங்கினாள். மாமியார் அமுக்கினாள். சிவப்பு.

"சிவப்புன்னா இன்னும் யாரும் கவனிக்கலன்னு அர்த்தம் அத்தை. இறங்காதீங்க, சத்தம் போடுங்க."

"அதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமாக்கும்."

வயரைச் செருகினார்கள். கணினி முக்கி முனகி எழுந்ததும் மேசையில் மணி அடித்தது. நர்ஸ் திரையைத் தொட்டாள். கட்டிலோரம் பச்சை எரிந்தது.

"நாளைக்கு மத்த ரூம்லயும் மாத்திடு," என்று நர்ஸ் கைமணியை எடுக்கக் கை நீட்டினாள். மாமியார் முந்திக்கொண்டு அதைத் தலையணைக்கடியில் சொருகினாள்.

"இது இருக்கட்டும் சிஸ்டர். ஞாயித்துக்கிழமை என் பையன் வந்து போனை நோண்டுவான். அவன் காதுகிட்ட அடிக்கணும்."